அம்மன் குளத்துக்கு ஒரு மூட்டை உப்பு

உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாருமே பாதி டாக்டர்கள். எங்கள் மருத்துவப் படிப்பு ஒரே வரிதான்: உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தால் புண், எரியாவிட்டால் ஒன்றுமில்லை. மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருடம் மேஸ்திரியாக நின்று இந்தப் படிப்பில் தேறியவன் நான். (அதனால்தான் இந்தக் கதி.)

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் குளிக்கும்போது, சொல்லக் கூசும் இடத்தில், ஆண்குறியின் முன்தோல் மடிப்புக்குள் மூன்று சின்னப் பருக்கள் கையில் தட்டுப்பட்டன. தோல் நிறம்தான். தொட்டால் மெத்தென்று இருந்தன. வலி இல்லை, சீழ் இல்லை. பாத்தியிலிருந்து ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் கொண்டுவந்து பரிசோதனையும் நடத்தினேன். எரியவில்லை. ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் மூன்று ஏழாயின. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காலிஃப்ளவர் பூவின் நுனிபோலச் சொரசொரப்பாக வளர்ந்தன. எப்போதாவது அரிக்கும். மெடிக்கலில் போய் "கையில மரு இருக்குது" என்று சொல்லி ஒரு மருந்து வாங்கினேன். கால் ஆணிக்கும் அதைத்தான் போடுவார்களாம். எங்கள் படிப்பின்படி, அந்த மருந்து பட்ட நொடியில்தான் அது முதன்முதலாகப் புண் ஆனது. நான்கு நாள் காலை அகட்டி அகட்டி நடந்தேன். வரப்பில் வழுக்கிவிட்டது என்று, அதே உப்பளத்தில் வேலை பார்க்கும் என் மனைவி சரளாவிடம் சொல்லிவிட்டு, பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவள் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

மிஞ்சியது சாமிதான். சரளாவின் பிறந்த ஊர் பிரம்மதேசம் பக்கம். அங்கே ஓர் அம்மன் கோயில் குளம் உண்டு. மரு வந்தவர்கள் ஒரு பிடி உப்பும் மிளகும் அதில் போடுவார்கள். உப்பு கரைவதுபோல மருவும் கரையும் என்பது நம்பிக்கை. ஒரு பிடி! உப்பு விளைகிற ஊர்க்காரன் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போனால் அம்மன் என்ன நினைப்பாள்? அதுவும் மரு முளைத்திருக்கிற இடம் அப்பேர்ப்பட்ட இடம். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை மொபெட்டில் வைத்துக் கட்டினேன். மாமியார் ஊரில் அடையாளம் தெரியக்கூடாதே என்று ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டேன். (அந்த ஊரில் ஹெல்மெட் போட்டவனைத்தான் எல்லாரும் நின்று பார்ப்பார்கள்.)

நல்ல மத்தியானம். படிக்கட்டில் மூட்டையின் வாயைப் பிரித்துச் சாய்க்கப்போனேன். "யோவ், நிறுத்துய்யா!" என்று ஒரு கத்தல். சரளாவின் தம்பி ஏழுமலை ஓடி வந்தான். அந்தக் குளத்தை மீன் வளர்க்க ஏலத்தில் எடுத்து, முந்தின வாரம்தான் குஞ்சு விட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது.

"மூட்டையோட கொட்டினா என் மீனு இன்னாய்யா ஆவும்?" என்று ஹெல்மெட்டைப் பிடுங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். "மாமா! நீங்களா?"

"ஒரு வேண்டுதல்ப்பா."

"யாருக்கு மரு?"

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். 'எனக்கு' என்று சொல்லியிருக்கலாம். நான்கெழுத்து.

"உங்க அக்காவுக்கு" என்றேன்.

"மூஞ்சில ஒன்னும் காணோமே. மூட்டை கொண்டாற அளவுக்கு எங்க மாமா இருக்குது?"

"அது வெளிய சொல்ற எடத்துல இல்லப்பா."

கரை முழுக்கச் சிரித்தது. ஏழுமலையும் சிரித்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், தப்பித்த மகிழ்ச்சியில் நானும் சிரித்தேன்.

நான் வீடு வருவதற்குள் செய்தி போனில் வந்து சேர்ந்திருந்தது. சரளா அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எப்பங்க பாத்தீங்க?" என்றாள் மெதுவாக.

"எத?"

"எனக்கு இருக்கறத. ஆறு மாசமா மறைச்சி மறைச்சி வச்சிருந்தேன். உப்புத் தண்ணில நின்னு நின்னு வந்ததுன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க என்னைத் தப்பா நெனச்சிடுவீங்களோன்னு பயமாயிடுச்சு. நீங்க தள்ளிப் படுக்கறப்பவே தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். என்னாண்ட கேட்டிருக்கலாம் இல்ல? எங்க ஊருக்குப் போயி, என் தம்பியாண்ட, அத்தினி பேர் எதுர்ல..."

நான் சொன்ன பொய் உண்மையாக இருந்தது. அதைவிட மோசமான ஒன்றை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. எனக்கும் இருக்கிறது, எனக்காகத்தான் போனேன் என்று அப்போது சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்தாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒரே நோயை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறோம்.

மறுநாள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். கால் ஆணி மருந்துக்கு எனக்கு நல்ல திட்டு விழுந்தது. உடலுறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற வைரஸால் வரும் மருவாம் இது. "இது வலிக்காதுங்க. அதனாலதான் எல்லாரும் விட்டுடறாங்க" என்றார். ஆணுக்கு உறுப்பிலும் விதைப்பையிலும் ஆசனவாய் ஓரத்திலும் வருமாம். பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் வாயைச் சுற்றி வரும், உள்ளேயும் வரும், உள்ளே வந்தால் அவளுக்கே தெரியாது. சில நேரம் அரிப்போ லேசான ரத்தமோதான் அடையாளம். சரளாவுக்கு உள்ளேயும் இருந்தது. இதே வைரஸின் வேறு வகைகளால் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வரலாம் என்று அதற்கும் ஒரு பரிசோதனை செய்தார். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லபடியாகத்தான் வந்தது. மரு போக மாதக்கணக்கானது, போனது ஒருமுறை திரும்பியும் வந்தது.

யாரிடமிருந்து யாருக்கு என்று சரளா கேட்டாள். உள்ளுக்குள் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும், கண்டுபிடிக்க முடியாது என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னால் நான் இரண்டு வருடம் பாண்டிச்சேரி லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்தேன், அங்கே வந்துபோன பெண்களோடு பழக்கமும் இருந்தது. எனக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அதை அன்றைக்கே பஸ்ஸில் சரளாவிடம் சொன்னேன். மரக்காணம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வருடம் அவள் பிறந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. அவள் அம்மா எழுந்து நடமாடிய கடைசி மூன்று வருடம் அது.

இப்போதும் அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும், என் இலையில் ஏழுமலை உப்பை அள்ளி வைத்து, "போதுமா மாமா, மூட்டையா எடுத்தாரவா?" என்பான். பந்தியே சிரிக்கும். பெண்கள் சரளாவைப் பார்ப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். போன மாதம் அவன் மகள் காதுகுத்திலும் சொன்னான். நான் வாயைத் திறந்தேன். சரளா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். "விடுங்க. இத்தினி வருசம் எனக்குன்னே இருந்துடுச்சு."

அவள் விட்டுவிட்டாள். என்னால் முடியவில்லை. ஏழுமலை, அந்த மூட்டை உங்க அக்காவுக்கு இல்லப்பா. எனக்கு.