மணியில் வெட்டிய முப்பதடி

பதுளை,
வியாழக்கிழமை.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய நிமலன் மாமாவுக்கு மருமகள் நிரஞ்சலா எழுதிக்கொள்வது.

இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். கொழும்பில் நீங்களும் அத்தையும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க வேண்டுகிறேன். கைபேசி இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் இது தெரிய வேண்டாம். தவிர, எனக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது.

அப்பா தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தபோது வாங்கிய வெள்ளைக் காரை உங்களுக்குத் தெரியும், எத்தனையோ தரம் தள்ளியிருக்கிறீர்கள். ஓய்வுபெற்று டவுனுக்கு வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. இந்த வருடம் அவருடைய முழங்கால் கிளச்சை மிதிக்க மறுத்துவிட்டது. கிளச் இல்லாத கார்தான் இனிச் சரி என்று, கார் வாங்கி விற்கும் நஸீர் நானாவிடம் பழையதைக் கொடுத்து மேலே கொஞ்சம் போட்டு ஒரு சின்னச் சிவப்புக் காரை எடுத்தோம். அன்று அப்பா தானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தார், வாசலில் ஹோர்ன் வேறு அடித்தார். ஆனால் பழைய காரை ஒப்படைக்கும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் பேனா என் கைக்கு வந்தது. இந்த வாகனம் எப்போதாவது விபத்தில் சிக்கியதா என்று ஒரு கேள்வி. நான் வாசித்துச் சொன்னேன். அப்பா, "அம்மன் கையில புடிச்சத எப்படிம்மா விபத்துன்னு எழுதுறது? இல்லைன்னு போடு" என்றார். இவ்வளவு புத்தகம் படித்தவள், அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்து, போட்டேன்.

மூன்று கிழமை கழித்து நஸீர் நானா வீட்டுக்கு வந்தார். அம்மா பிளேன்டீ கொடுத்தார். "ஐயா, காரை உயர்த்திப் பாத்தன். கீழ முழுக்க ஒட்டுப் போட்டிரிக்கி. எங்கயாச்சும் விழுந்ததா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "விழுந்துச்சு நஸீர். நாங்க என்ன மறைச்சா வச்சிருக்கோம், தோட்டத்துக் கோயில் மணியிலயே வெட்டிப் போட்டிருக்கே" என்றார். நானா கோப்பையைக் கீழே வைத்தார். "கார் வாங்கிற நான் என்னத்துக்கு ஐயா கோயில் மணியப் படிக்கப் போறன்?"

மறுநாளே ஆள் அனுப்பி மணியைப் படம் எடுத்துவிட்டார். அடுத்த கிழமை சட்டத்தரணியின் கடிதம் வந்தது. 'சேதத்தை மறைத்துப் பொய்யான தகவல் அளித்து' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து அப்பா சிவப்புக் காரை ஓட்டவில்லை. காலையில் கழுவுகிறார், துடைக்கிறார், சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகிறார்.

இப்போது மணிக்கு வருகிறேன் மாமா. அதில் இருப்பது நீங்கள் எழுதிய வாசகம். 'இக்கோயில் வளைவில் முப்பதடிப் பள்ளத்தில் வீழ்ந்தும் உயிர் காத்த அன்னைக்கு, டீமேக்கர் தயாபரன் குடும்பத்தார் உபயம்.' கீழே 18.01.2002 என்று திகதி. காரின் இலக்கத்தையும் விடவில்லை. ஒரு மணிக்கு அவ்வளவு விவரம் எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பள்ளம் எட்டடி என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் சொல்கிறார்கள். "உங்க மாமா எட்டடிய முப்பதடியாக்கிட்டான்" என்று அப்பா சொல்லுவார், எல்லோரும் சிரிப்போம், நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். மாமா ஒன்றைச் சொன்னால் நாலால் பிரித்துக்கொள் என்பது நம் வீட்டு வாய்ப்பாடு. அந்தக் காரில் நானும் இருந்தேனாம், நாலு வயது, தூக்கம் கலையவேயில்லையாம். அவ்வளவு சின்ன விபத்து.

போன சனிக்கிழமை மத்தியஸ்த சபையில் கூடினோம். பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கு, அப்பாவின் முழங்கால் மேசைக்குள் போகவில்லை. தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், சிங்களவர், நல்ல தமிழ் பேசுகிறார். நஸீர் நானா கெட்டவரில்லை. "எட்டடி எண்டா கதவும் பம்பரும்தான், நானே பாத்துக்கிறன், கேஸ் வேணாம். முப்பதடி எண்டா சேஸி வளைஞ்சிரிக்கும், அதை இன்னொருத்தர்ட தலையில கட்ட ஏலா. ஐயா அவர்ட காரை எடுக்கட்டும், என்ட காரைத் தரட்டும்" என்றார். தலைவர் அப்பாவிடம் கேட்டார், எட்டா முப்பதா என்று. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "அம்மன் மணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். வீட்டில் வாய் ஓயாமல் எட்டடி சொன்ன மனுஷன். பக்தி இப்படியா வந்து குறுக்கே நிற்கும்? தலைவர் கடைசியில், வாசகம் எழுதியவரிடம் கையெழுத்துடன் ஒரு விளக்கம் வாங்கி வாருங்கள் என்று இரண்டு கிழமை தள்ளிவைத்தார்.

ஆகவே மாமா, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'உண்மையில் பள்ளம் எட்டடியே. முப்பது என்பது ஓசை நயம் கருதி நான் சேர்த்தது.' கீழே கையெழுத்துப் போட்டால் போதும். அம்மனுக்குப் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று ஒத்துக்கொள்வது வெட்கமாக இருக்கும், தெரியும். ஆனால் அப்பா பொய்யர் என்று ஒரு காகிதம் சொல்கிறது. நீங்கள் கொஞ்சம் புளுகுவீர்கள் என்று ஊருக்கே தெரியும், உங்களுக்கு அதில் புதிதாக நஷ்டமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் பிரஷர் இறங்கியும் சம்பளம் ஏறியும் இருக்க அந்த அம்மனே அருள வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் மருமகள்
நிரஞ்சலா

பி.கு. வெள்ளிக்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன், அளவையும் எழுதி வைத்தால் பலமாக இருக்குமென்று இன்று லீவு போட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கொடிக்கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாகப் பத்து முடிச்சு போட்டிருந்தேன், தேவைக்கு இரண்டு அதிகமாக. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ரெங்கம்மாதான் இடத்தைக் காட்டினார். மூன்று தரம் கயிற்றை இறக்கி இறக்கிப் பிடித்தும் தரை வரவில்லை. இன்னும் நாலு முடிச்சு. "காரு இங்க கெடந்துச்சும்மா. ஒன்னையக் காருக்குள்ள காணோம். நாந்தான் இந்தச் செடிக்குள்ள இருந்து எடுத்தேன், மொகமெல்லாம் ரத்தம். புள்ள பயந்துரும், சொல்லிறாதீங்கன்னு ஒங்கம்மா எல்லார்கிட்டயும் கையடிச்சு வாங்கிருச்சு" என்றார். என் புருவத்துத் தழும்பு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மாமா, முப்பது என்பது நீங்கள் குறைத்து எழுதியது. இருபத்துமூன்று வருடம் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

கையெழுத்து வேண்டாம். உள்ளே வைத்த காகிதத்தைக் கிழித்துவிட்டேன். வரும் கிழமை சபையில் முப்பத்துநாலு என்று நானே சொல்கிறேன், படிவத்தில் இல்லையென்று போட்டதும் நான்தானே. சிவப்புக் கார் திரும்பிப் போகும், வெள்ளைக் கார் வரும். அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. கார் ஓட்டப் பழகித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் பார்வை என் புருவத்துத் தழும்புக்குப் போனது. கிளச்சை இனி நான் மிதிக்கிறேன்.