நின்று வெட்டிய தலைகள்

நர்ஸ் மெஷினைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே மாஸ்டருக்கு முட்டிவலி மறந்துபோயிற்று.

"நிறுத்தும்மா! மெஷினை இப்படியா பிடிப்பாங்க? சுண்டுவிரலைப் பாரு, காத்துல ஆடிக்கிட்டிருக்கு."

"சார், ஆபரேஷனுக்கு முன்னாடி கால்ல இருக்கற முடியை எடுக்கணும். ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துல பண்ற வேலையா இது? குடு இங்க."

மாஸ்டர் சலூன் வைத்திருப்பவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றே பிழைத்தவர். நின்று நின்று வலது முட்டி தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டதால், செயற்கை முட்டி வைத்துக்கொள்ள வந்து படுத்திருந்தார்.

மெஷினை வாங்கியாயிற்று. குனிந்து பார்த்தார். வலது கால் மடங்கவில்லை, கை எட்டவில்லை. வாங்கிய மெஷினைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் தொழிலுக்கே அவமானம். நல்ல வேளையாக இடது கால் நன்றாக மடங்கியது.

"சரி, இந்தக் கால்ல சாம்பிள் காட்டறேன். நல்லா பாத்துக்க."

கணுக்காலிலிருந்து தொடை வரை இடது காலை மழமழவென்று ஆக்கிக் காட்டினார். நர்ஸ் அசந்துபோனாள். கற்றுக்கொண்ட வித்தையை வலது காலில் அப்படியே செய்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கையில் பேனாவோடு வந்தார். போர்வையை விலக்கினார். ஒன்றுக்கொன்று சளைக்காத இரண்டு கால்களைப் பார்த்தார்.

"ஒரு கால்தானே? எந்தக் கால்?"

பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இடது கால்தான் இன்னும் நீட்டா ரெடியாகியிருக்கு சார்" என்றார்.

மாஸ்டருக்குப் பெருமையாக இருந்தது. அதற்கடுத்த நொடியில் அந்தப் பாராட்டின் அர்த்தம் புரிந்து அலற வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார். தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டரம்மா என்பார்கள்.

"வலது கால்தான் டாக்டர். இடது கால்ல இவரு தொழில் பண்ணிட்டாரு."

டாக்டர் சிரித்தபடி எக்ஸ்ரேயை எடுத்துச் சரிபார்த்து, வலது காலில் அம்புக்குறி போட்டார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"டாக்டர், திரும்ப நிப்பேனா? உக்காந்து செய்யற வேலை இல்ல என் வேலை. இதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது."

"முட்டியை நான் வெச்சுடுவேன். நிக்கறது உங்க கையிலதான் இருக்கு. தினம் பயிற்சி பண்ணணும். பண்ணாம படுத்தே கிடந்தீங்கன்னா, மடங்காம விறைச்சுப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

மாஸ்டர் பயபக்தியோடு தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிக்கலெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்த மாஸ்டர், தலையாட்டியதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வந்தாள். ஆள் ஒல்லி, கை மட்டும் இரும்பு.

"சார், குதிகாலை மெதுவா பின்னால இழுங்க."

"ஐயோ! அம்மா!"

"இன்னும் இழுக்கவே இல்லையே சார்."

"இழுக்கப் போறேல்ல, அதுக்குத்தான்."

மறுநாள் அவள் வந்தபோது மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அதாவது, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குறட்டையை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே விட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் தலைசுற்றல். அப்புறம் வயிறு சரியில்லை. முட்டிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பிசியோ பெண் கேட்டாள். "எல்லாம் ஒரே உடம்புதானேம்மா" என்றார் மாஸ்டர்.

உண்மையில் அவருக்குப் பயம். நிற்க முடியாமல் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று ஒரு பயம். நின்றால் வைத்த முட்டி கழன்று கீழே விழுந்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டார்.

"ஒரு தடவை எந்திரிச்சு நில்லுங்களேன். நான் பிடிச்சுக்கறேன்" என்று மாஸ்டரம்மா கெஞ்சினார்.

"நாளைக்கு."

"இதையேதான் நேத்தும் சொன்னீங்க."

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இது வேற."

அன்று பிசியோ பெண்ணும் மாஸ்டரம்மாவும் வாசலில் நின்று வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். என்ன பேசினார்கள் என்று மாஸ்டருக்குக் கேட்கவில்லை. தன்னைப் பற்றிய புகார்தான் என்று தெரிந்ததால் கேட்க அவருக்கு ஆசையும் இல்லை.

உள்ளே வந்த மாஸ்டரம்மாவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இதோ பாருங்க, இனிமே கடை, கத்திரி, சீப்புன்னு ஒரு பேச்சு இந்த வீட்டுல கேக்கக் கூடாது. பெட்டியைக் கடையில இருந்து எடுத்துட்டு வந்து கூடத்துக் கோடியில வெச்சிருக்கேன். துருப்பிடிக்கக் கூடாதேன்னுதான். தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் கத்திரியைத் தொடாதே என்று சொன்னதில்லை. அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

அடுத்த நாள் கணக்கு வாத்தியார் நலம் விசாரிக்க வந்தார். முடி காதை மூடிப் பிடரியில் புரண்டுகொண்டிருந்தது.

"என்ன வாத்தியாரே, தலையா இது? புதரு மாதிரி இருக்கு."

"கடை பூட்டிக் கிடக்கே மாஸ்டர். எதிர்ல புதுசா கண்ணாடிக் கதவெல்லாம் போட்டு ஏசி சலூன் வந்திருக்கு. அங்கயே போயிடலாமான்னு..."

"அங்கயா?"

மாஸ்டர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் தூக்கிவிடாமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து மாஸ்டரம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "நான் மாடிக்குத் துணி எடுக்கப் போறேன்! வர அரைமணி ஆகும்!"

அதிர்ஷ்டம் என்றால் இது அதிர்ஷ்டம்.

"பெட்டியை நான் எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் வாத்தியார்.

"தொடாதீங்க! என் பெட்டியை என்னைத் தவிர எவனும் தொட்டதில்ல."

மாஸ்டர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கூடத்துக் கோடி வரை போனார். பெட்டியை வாக்கரில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாத்தியாரை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினார். கத்திரி விரலில் ஏறியதும் முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. இடது காது முடிந்து வலது காதுக்கு வந்தபோதுதான், வாக்கர் அந்தப் பக்கமே நிற்பதைப் பார்த்தார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே கிடந்த முடியை அவசர அவசரமாகக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எந்தக் காலால் என்று யோசிக்க நேரமில்லை. புதுக் காலால்தான் தள்ளினார்.

உள்ளே வந்த மாஸ்டரம்மா வாத்தியாரின் தலையைப் பார்த்தார். காடு மாதிரி வந்தவர் களத்துமேடு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஏதோ வித்தியாசமா இருக்கீங்களே."

"கண்ணாடி மாத்தியிருக்கேன்" என்றார் வாத்தியார், கண்ணாடியே போட்டுக்கொள்ளாதவர்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, அன்றிலிருந்து தினமும் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். வந்தவர் எல்லோருமே சொல்லிவைத்த மாதிரி வளர்ந்த தலையோடுதான் வந்தார்கள். "நம்ம ஆளுங்க நம்மளை விட்டுப் போகல" என்று மாஸ்டர் மனசுக்குள் உருகினார். கண்ணாடிக் கதவு இருந்தால் என்ன, கதவா முடி வெட்டப் போகிறது?

ஆனால் ஒரு வழியைக் கண்டுபிடித்தால் வீட்டில் அதற்கொரு முட்டுக்கட்டை விழுந்தது. பெட்டி திடீரென்று பீரோவின் மேலே ஏறிவிட்டது. கையை உயர்த்தி, நுனிக்காலில் எக்கி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பழகியதும் பெட்டி பின்கட்டு அறைக்குப் போய்விட்டது. நடையாய் நடக்க வேண்டியிருந்தது. பிறகு நாற்காலியையே காணவில்லை.

"கால் ஆடுது, தச்சர்கிட்ட குடுத்திருக்கேன்" என்றார் மாஸ்டரம்மா. "யாராச்சும் வந்தா இந்த முக்காலியில உக்காரட்டும்."

முக்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் உட்கார்ந்தவரின் பிடரியைச் சீராக்க மாஸ்டர் முட்டியை மடக்கி மடக்கி நிமிர வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது.

'நான் வெட்டக் கூடாதுன்னே இவ செய்யறாளா, இல்ல தானா நடக்குதா?' என்று பொருமினார். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது.

ஒருநாள் லாரி டிரைவர் வந்தார். அன்று மாஸ்டருக்குக் கொஞ்சம் சோம்பல். வலது பக்கம் வெட்டி முடித்ததும் கட்டிலில் சாய்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார். அரைமணி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போன மாஸ்டரம்மா பத்து நிமிஷத்திலேயே திரும்பி வந்துவிட்டார். மாஸ்டர் பதறிப்போய் டிரைவரின் தலையைத் துண்டால் சுற்றினார்.

"என்னண்ணே, தலையில துண்டு?"

"ஜ... ஜலதோஷம் தங்கச்சி" என்றார் டிரைவர்.

"அடடா, ஆவி பிடிச்சா ஒரே நிமிஷத்துல விட்டுடும். இருங்க."

வேண்டாம் வேண்டாம் என்று டிரைவர் சொல்லச் சொல்ல, கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டான் தண்ணீர் அவர் முன்னால் வந்து இறங்கிவிட்டது. துண்டோடு சேர்த்து மேலே கனமான போர்வையும் விழுந்தது.

"ஏங்க, நீங்க கொஞ்சம் நின்னு போர்வையைப் பிடிச்சுக்குங்க. சரிஞ்சிடப் போகுது" என்றார் மாஸ்டரம்மா.

மாஸ்டர் நின்றார். போர்வைக்குள்ளிருந்து டிரைவர், "மாஸ்டர், வெந்துட்டேன் மாஸ்டர்" என்று முனகினார். "இன்னும் கொஞ்சம் நேரம்ண்ணே" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் வெட்டாமலும் சிவந்துபோய் வெளியே வந்த டிரைவர், தொப்பி போட்டுக்கொண்டு போய், மறுநாள் மிச்சத்துக்கு வந்தார்.

பிசியோ பெண் காலை மடக்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"சூப்பர் சார்! இவ்வளவு மடங்குதே! பயிற்சி தவறாம பண்றீங்களா?"

"நீ சொன்னதை ஒண்ணு விடாம பண்றேம்மா" என்றார் மாஸ்டர், கூரையைப் பார்த்துக்கொண்டே.

"பாத்தியாம்மா, நான் சொன்னா கேப்பாரு" என்று மாஸ்டரம்மா பூரித்துப்போய்ச் சொன்னார். அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. குளிப்பாட்டி, காலுறை மாட்டி, இரவில் கால் மரத்துப்போனால் எழுந்து நீவிவிட்ட மனுஷி. அவளிடம் போய் இப்படித் தினமும் பொய் சொல்லித் திரிகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வாக்கரைத் தள்ளிவைத்துவிட்டுத் தடியோடு நடக்க ஆரம்பித்த அன்று, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார். ஆனால் அன்றைக்கு வந்தது தபால்காரர். அவர் தலை இருந்த இருப்பில் அதை அப்படியே விட்டுவிட்டு உண்மை பேச மாஸ்டருக்கு மனசு வரவில்லை.

அதற்கடுத்த நாள் வெகுநேரமாகியும் யாருமே வரவில்லை.

மாஸ்டர் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார். பின்கட்டு அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, சீப்பைத் துடைத்து, கத்திரியை வெறும் காற்றில் வெட்டிப் பார்த்தார். முடிந்தது கதை, எல்லோரும் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார்கள் என்று தோன்றியது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு இனி யாருக்காக நிற்பது? மறுபடியும் படுத்துக்கொள்ளலாமா என்று கட்டிலைப் பார்த்தார்.

"நான் மாடிக்குப் போறேன்! வர அரைமணி ஆகும்!" என்று மாஸ்டரம்மாவின் குரல் கேட்டது.

"போ, போ" என்றார் மாஸ்டர் சுரத்தில்லாமல். "இன்னிக்கு எவ்வளவு நேரம் ஆனா என்ன?"

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வந்தவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே எழுந்து வந்த மாதிரி, காதில் பென்சிலோடு இருந்தார். நலம் விசாரிக்கவில்லை. "எப்படி இருக்கீங்க" என்றுகூடக் கேட்கவில்லை. நேராக முக்காலியில் போய் உட்கார்ந்து, துண்டை எடுத்துத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

மாஸ்டர் சீப்போடு எழுந்து அவருக்குப் பின்னால் வந்து நின்றார். மேலிருந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். முட்டியை மடக்கிப் பிடரியையும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. பல வருஷமாகவே அந்தத் தலையில் முடி கிடையாது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதுல நான் எதை வெட்டறது?"

"நானும் அதையேதான் மாஸ்டர் உங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன். 'இன்னிக்கு அனுப்பறதுக்கு வேற யாரும் கிடைக்கலண்ணே, முடி இல்லேன்னா பரவாயில்ல, நீங்க சும்மா போய் உக்காருங்க, அவரு அரைமணி நேரம் நின்னா போதும்'னுட்டாங்க."