பிரிண்டரை வெயிலில் காயவைத்த கதை

கல்லடி ஊர்க்காரனுக்கு எந்த நோய்க்கும் முதல் மருந்து வெயில்தான். தலையணை மணக்குதா, வெயிலில் போடு. அரிசியில் வண்டா, வெயிலில் போடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று வாழ்கிற எங்களுக்கு ஈரத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. இந்த ஞானத்தை லேசர் பிரிண்டரில் பரீட்சித்துப் பார்த்த மகான் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தங்கச்சி ஷெறினுக்குத் திங்கட்கிழமை காலை சேர்ச்சில் கல்யாணம். தபால் கந்தோரில் முத்திரை குத்தியே ஓய்வுபெற்ற அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். மெட்டு எல்லாருக்கும் தெரிந்த ஞானப்பாட்டு மெட்டு, சொற்கள் மட்டும் அவருடையவை. சபை முழுக்க எழும்பி நின்று அதைப் பாடவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் இரண்டு வரி அம்மாவைப் பற்றியது.

"அம்மாவைப் போல நீ அன்பாய் இரு மகளே,
என்னையே பொறுத்தாள், இவனையும் நீ பொறு."

அப்பா அம்மாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. (கறியில உப்புக் கூடினா மட்டும் வாய் திறக்கிற மனிசன்.) அம்மா இந்த இரண்டு வரியையும் பழுகாமத்து மாமி முதல் மீன்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். கல்யாணச் சேலையைவிட, சபை அதைப் பாடிக் கேட்பதற்குத்தான் காத்திருந்தார்.

"பாட்டுத் தாளை டவுனில குடுத்து அடிப்பமே?" என்றார் அப்பா.

"வீட்டில லேசர் பிரிண்டர் கிடக்க, கடைக்கு என்னத்துக்கு?" என்றேன். (வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

ஞாயிறு காலை முதல் தாளை அடித்தேன். எழுத்தெல்லாம் சோகை பிடித்தமாதிரி வெளிறி, சில இடங்களில் காணாமலே போயிருந்தது. டோனரைக் கழற்றிக் குலுக்கிப் போட்டேன். கொஞ்சம் கறுத்தது, மறுகா பழையபடி வெளிறல். யூடியூப்பில் ஒருவர், "ஈரப்பதம்தான் காரணம்" என்று தொடங்கினார். அவர் சொல்ல வந்தது தாளில் இருக்கிற ஈரத்தை. ஆனால் எனக்கு எந்த வீடியோவையும் கடைசிவரை பார்க்கிற பொறுமை கிடையாது. பிரிண்டருக்குள் கையை விட்டு, பச்சையாகப் பளபளத்த உருளையை உருவி எடுத்தேன். டிரம் என்று பேராம். நேராக முற்றத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே பாயில் அம்மாவின் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. டிரம்மையும் பக்கத்தில் கிடத்தினேன்.

"இதென்ன மனே?" என்று அம்மா கேட்டார்.

"பிரிண்டர்ட சாமான். ஈரமாம்."

"அப்ப நல்லாக் காயட்டும். காகம் தூக்காமப் பாத்துக்கொள்ளு."

எங்கள் இருவருக்கும் இதில் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. உச்சி வெயில் முழுக்கக் காகம் கலைத்தேன்.

பின்னேரம் டிரம்மைப் பூட்டி, புதுக் கட்டுத் தாள் பிரித்துப் போட்டு அடித்தேன். எழுத்து அருமையாக வந்தது. (பழைய தாள்தான் ஈரம். டிரம் பாவம், ஒரு குற்றமும் செய்யல்ல.) ஆனால் தாளின் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. கீழே இன்னொன்று. டிரம்மின் வெயில் பட்ட பக்கம் வெந்துபோய், அது ஒருமுறை சுழல ஒரு பட்டை விழுந்துகொண்டிருந்தது.

என் மனைவி ஜெனிற்றா டிரம்மை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சூரியன் படம், அதன்மேல் குறுக்குக் கோடு.

"வெயிலில வைக்கவேணாம் எண்டுதானே இதில போட்டிருக்கு?"

"நான் அதைக் கம்பனிட சின்னமெண்டு நினைச்சன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

ஞாயிறென்றபடியால் டவுனில் கடையெல்லாம் பூட்டு. பாட்டை மேலே ஏற்றினேன், பட்டை ஆண்டவர் பெயர் வருகிற வரிகளை மூடியது. கீழே இறக்கினேன், அம்மாவின் இரண்டு வரியையும் மூடியது. எழுத்தைச் சிறிதாக்கினால் வயசாளிகளுக்குக் கண் தெரியாது.

"ஆண்டவரை மறைச்சா பாஸ்டர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"ஆண்டவர் மன்னிப்பார். உங்கட அம்மா மன்னிக்கமாட்டா," என்றாள் ஜெனிற்றா.

நான் பாஸ்டருக்குப் பயந்தேன்.

மறுநாள் சபை எழும்பி நின்று பாடத் தொடங்கியது. பட்டை வந்த இடத்தில் ஒரு கணம் தடுமாற்றம். ஓர்கன் நிற்கவில்லை. சனம் என்ன செய்யும், வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம், ம்ம்ம்" என்று படு பக்தியாக முனகி இரண்டு வரியையும் கடந்தது. பட்டை முடிய, சொற்கள் திரும்பி வந்தன. அப்பா தாளைக் கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார். அம்மா தாளைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதேவிட்டார். "உன்ட அப்பா என்னைப் பத்திச் சொன்னது ரெண்டே ரெண்டு வரி மனே. அதிலயும் கரியைப் பூசிப்போட்டியே!"

கொடுமை என்னவென்றால், அந்த முனகல் சபைக்குப் பிடித்துவிட்டது. வாலிபர் சங்கம் அந்தப் பாட்டை "ம்ம்ம்" சேர்த்தே பாடிப் பழகிவிட்டது. பிறகு ஷெறினின் மகனுக்கு ஞானஸ்நானம் வந்தபோது, அதே பாட்டுத்தான் வேண்டுமென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். இந்தமுறை டவுன் கடையில் அடித்தோம். அம்மாவின் வரிகள் தடித்த எழுத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

அந்த இடம் வந்தது. தாளை ஆர் பார்த்தது? சபை முழுக்க "ம்ம்ம்" என்றது. அந்த முனகலுக்கு நடுவில் ஒரேயொரு குரல், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், இரண்டு வரியையும் சொல் சொல்லாகச் சத்தம் போட்டுப் பாடியது. அப்பா! அம்மாவைப் பார்த்துக்கொண்டே பாடினார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சரி, இனி என்னை மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். எங்கே! இப்பவும் வீட்டுக்கு ஆர் வந்தாலும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா சொல்வது இதுதான்:

"என்ட மரண அறிவித்தலை மட்டும் கடையில குடுத்து அடியுங்க. இவன் அடிச்சா முகத்தில பட்டை விழுந்து, செத்தது ஆரெண்டு தெரியாமச் சனம் வராது."