கொக்கரும் நாலுகால் கோழியும்

கிளிநொச்சியில் போன் டேட்டா தீர்ந்துபோன அத்தனை பேருடைய சாபத்தையும் தனியொருவராக வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் கொக்கர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சாபங்களில் பாதி நான் போட்டது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலை விட்டு வெளியே வந்ததில்லை. எங்கள் கந்தோரில் உரமூட்டைகளுக்குப் பொறுப்பான ஸ்டோர் கீப்பர் அவர். சுவிசிலிருந்து வந்த மச்சான் ஒரு மிரர்லெஸ் கமராவையும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்சையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இவர் எடுத்த முதல் படம் ஒரு கொக்கு. இரண்டாவது படமும் அதே கொக்கு. பத்தாவது படத்தோடு ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

கமராவை அவர் வைத்திருந்த பக்குவத்தில் பெற்ற பிள்ளையைக்கூட யாரும் வைத்திருக்கமாட்டார்கள். ஒருநாள் சோவென்ற மழையில் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். குடை முழுவதும் கமராப் பைக்கு மேலே. ஆள் தலையிலிருந்து கால்வரை தெப்பம்.

"என்னண்ணை, நீங்கள் நனையிறியள்?"

"எனக்குக் காய்ச்சல் வந்தால் ரெண்டு குளிசை போதும் தம்பி. இதுக்கு வந்தால் கொழும்புக்கெல்லோ கொண்டோட வேணும்!"

எடுத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் அதை எங்கள் கந்தோர் வட்ஸ்அப் குழுவில் போடுவார். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைப் பிழிந்து சக்கையாக்கிவிடுமாம். ஆகவே கடிதக் கோப்பு அனுப்புவதுபோல டொக்கியூமென்டாக, ஒரு சொட்டும் குறையாமல் அனுப்புவார். ஒரு கொக்கு நாற்பது எம்.பி. விடிய மூன்று கொக்கு வந்து இறங்கினால் மத்தியானம் என் போன் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கும்.

அதற்குப் பிறகு பரீட்சை. காலையில் கையெழுத்துப் போட வரும் ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து, "பாத்தனீங்களோ? என்ன நினைக்கிறியள்?" என்று கேட்பார். குழுவில் கட்டைவிரலைக் காட்டித் தப்பவும் முடியாது. "நான் என்ன கைநாட்டோ கேட்டனான்? வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லுங்கோவன்!" என்று சீறுவார்.

உண்மையில் அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவர் ஏங்கினார். புகழ்ச்சிகூட வேண்டாம். ஒரு மனிதர், அவர் எடுத்த பறவையைப் பார்த்து, பறவையைப் பற்றி ஒரு வசனம் சொன்னால் போதும். எங்களிடம் அதுமட்டும்தான் இருக்கவில்லை.

நாங்கள் படத்தைப் பார்க்காமல் இல்லை. இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்போம். பறவையை அல்ல, பறவைக்குப் பின்னால் இருப்பதை. அந்தக் கமராவில் அரை மைலுக்கு அப்பால் நிற்பவரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். ஒருமுறை கொக்குக்குப் பின்னால் வாய்க்காலில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். பெருப்பித்துப் பார்த்தால், கடுங்காய்ச்சல் என்று லீவு போட்டிருந்த எங்கள் பிரதம லிகிதர். சவர்க்கார நுரையும் முதுகு தேய்க்கும் இன்னொரு கையும் உட்படத் தெளிவாக இருந்தார். அடுத்த நாள் கந்தோரில் வேறு கதையே இல்லை.

"கொக்கின்ரை செட்டையைக் கவனிச்சியளோ?" என்று கொக்கர் பாவமாகக் கேட்டார்.

"அது கிடக்கட்டும் அண்ணை. இவருக்கு முதுகு தேய்ச்சுவிடுறது ஆர்?" என்றேன் நான்.

என் தங்கையின் கலியாணத்துக்கு அவரையே படம் எடுக்கக் கூப்பிட்டது என் புத்தி. அந்தக் கமராவுக்கு ஒரு குணம் உண்டு. 'பறவை' என்று ஒருமுறை சொல்லி வைத்தால், பறவை எங்கே நின்றாலும் தேடிப்போய் அதன் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதை மாற்றிவைக்க இவர் மறந்துவிட்டார். மணவறையின் இரண்டு பக்கமும் சோடினை மயில்கள். தாலி கட்டும் படத்தில் மயிலின் கண் ஜொலிஜொலியென்று ஜொலிக்கிறது. மாப்பிள்ளை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகை.

படத்தைப் பார்த்த அம்மா பத்திரகாளி ஆகிவிட்டா. "மயிலுக்கோ நான் பொம்பிளை குடுத்தனான்?"

"கோவியாதேங்கோ அம்மா. மாப்பிள்ளையை நீங்கள் நாளைக்கும் பாக்கலாம்" என்றார் கொக்கர். அவரை நான் பின்பக்கக் குசினி வழியால்தான் வெளியே அனுப்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அமிர்தக்காவின் மாடு காணாமல் போனது. எங்கள் கந்தோரில் தேத்தண்ணி போடுபவர் அமிர்தக்கா. சினை மாடு. மூன்று கிழமையாகத் தேடாத காடில்லை, கேட்காத ஆளில்லை. தேத்தண்ணி சீனி இல்லாமல் வந்தாலும் நாங்கள் பேசாமல் குடித்தோம்.

அதே நாட்களில் கொக்கர் அக்கராயன் குளத்தடியில் சேற்றில் படுத்துக் கிடந்தார். பதினொரு நாள், விடியக் காலையில். தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் பறவை ஒன்று, இலைக்கோழி என்று பெயராம், அதைக் கமராவில் பிடித்துவிட்டார். குழுவில் படம் வந்தது. கீழே எழுதியிருந்தார்: "பதினொரு நாள் படுத்து எடுத்தது. இண்டைக்காவது பறவையைப் பாருங்கோ."

ஐந்து நிமிடத்தில் பிரதம லிகிதர் எழுதினார்: "பின்னால நிக்கிறது ஆரின்ரை மாடு?"

எல்லோரும் பெருப்பித்தோம். பின்தொடையில் சுட்ட குறி. அமிர்தக்காவின் குறியேதான்! அரைமணி நேரத்தில் கந்தோரில் பாதி மோட்டார் சைக்கிளில் அக்கராயனுக்குப் பறந்தது. மாடு தன்பாட்டில் யாரோ ஒருவருடைய பட்டியோடு சேர்ந்து மேய்ந்துகொண்டு நின்றது. அமிர்தக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதா.

குழு அன்று நிரம்பி வழிந்தது. "படமெண்டால் படம்!" "இதெல்லோ கமரா!" "இனி ஊர்மாடு முழுக்க எடுத்து வையுங்கோ அண்ணை!" இலைக்கோழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னேரம் கொக்கர், "மாடு கிடைச்சது சந்தோசம்" என்று எழுதினார். அடுத்த வரியில் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார் என்று போன் சொன்னது.

மறுநாள் ஸ்டோரில் கமரா பெட்டிக்குள் போயிருந்தது. மேலே ஒட்டுப்பட்டியும் போட்டாயிற்று.

"மச்சான் வரேக்க திருப்பிக் குடுக்கப் போறன். உங்களுக்கு மாடு தேடத்தானே வேணும், வேற ஏதும் வாங்குங்கோ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இல்லையண்ணை, அந்தக் கோழி நல்ல வடிவு" என்றேன்.

"அப்பிடியோ? கழுத்து என்ன நிறம்?"

நான் அவசரமாகப் போனைத் தட்டிப் படத்தைத் தேடினேன். அவர் உரமூட்டைகளை எண்ணப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாடு கன்று போட்டது. அதற்கடுத்த நாள் அமிர்தக்கா ஒரு சட்டி நிறையக் கடும்புப்பால் காய்ச்சிக் கொண்டு முதலில் ஸ்டோருக்குத்தான் போனா. நான் மணம் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"தம்பி, ஒண்டு கேட்டால் கோவிக்கக் கூடாது. உங்கடை கோழிக்கு என்னண்டு நாலு கால்?"

கொக்கரின் முகம் கறுத்தது. "அக்கா, அது பறவை. மாடு பின்னால நிண்டது."

"எனக்கு மாடும் தெரியும், கோழியும் தெரியும். ரெண்டு கால் பெரிசு. செட்டைக்குக் கீழ ரெண்டு கால் சின்னன், தொங்குது. குஞ்சை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு நிக்குதாக்கும்."

"அது புல்லுத்தண்டு" என்றார் கொக்கர். ஆனால் அவருடைய கை மேசையில் இருந்த கணினியைத் திறந்துவிட்டது. பெருப்பித்தார். இன்னும் பெருப்பித்தார். சிறகின் ஓரத்தால் நூல்போல இரண்டு கால்கள், விரல்கள்கூட எண்ணலாம். பதினொரு நாள் கண் கொட்டாமல் பார்த்த மனிதர் இதைப் பார்க்கவில்லை.

"நான் அதின்ரை கண்ணையே பாத்துக்கொண்டிருந்திட்டன் அக்கா" என்றார்.

"மாடு எந்தக் காட்டில கண்டு போடப் போகுதோ எண்டு மூண்டு கிழமையா நான் கண்மூடேல்லைத் தம்பி. உங்கடை படத்தில அதைக் கண்ட உடன நெஞ்சு ஆறிப்போச்சு. பிறகு வீட்டில இருந்து பாத்தால், முன்னால இது தன்ரை பிள்ளையை அணைச்சுக்கொண்டு நிக்குது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாக்கிறன்."

கொக்கர் கமராப் பெட்டியின் ஒட்டுப்பட்டியை நகத்தால் கிழிக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே பிரதம லிகிதரிடம் சொல்லிக் குழுவுக்குள் திரும்பவும் வந்துவிட்டார். வந்த கையோடு அதே படம், அதே நாற்பது எம்.பி. கீழே இரண்டு வரி:

"எடுத்தது நான்.
பார்த்தது அமிர்தக்கா."

போன வருடம் அவர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது படங்களை எனக்குத் தனியாக அனுப்புகிறார். நான் முதலில் பறவையைப் பார்க்கிறேன். பிறகுதான் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.