புகாரே வராத குரல்

ஒலிபரப்புத் துறை பேசிப் பிழைக்கிற துறை. பாடினவருக்குப் பரிசு, வாசித்தவருக்குப் பரிசு, கட்டடத்துக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவருக்குக்கூடப் பரிசு என்று கொடுத்து முடித்த பிறகுதான், விளையாட்டு வர்ணனை செய்கிறவர்களை மறந்துவிட்டோமே என்று மேலிடத்துக்கு உறைத்தது. உடனே 'தலைசிறந்த வர்ணனையாளர்' விருது அறிவிக்கப்பட்டது. பாரபட்சம் தலைகாட்டக் கூடாது என்பதற்காக, வானொலியில் விளையாட்டுக் கேட்கும் பழக்கமே இல்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கித் தேர்வுக் குழுவும் அமைத்தார்கள்.

விருது யாருக்கு என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. இடியார் இருக்கும்போது வேறு யார்? கால்பந்து நாளில் அவர் தொண்டையைத் திறந்தால் சலூனில் பாதிச் சவரத்தோடு கத்தி நின்றுவிடும். கண் தெரியாத வாத்தியார் ஒருவர், புல் ஈரமாக இருக்கிறது என்று இடியார் சொன்னபோது தன் கால் சில்லிட்டதாக வீடு தேடி வந்து சொல்லிப் போனார். அந்த ஒரு வார்த்தையை வைத்து இடியார் ஒரு வருஷம் வயிறு நிரம்பியிருந்தார். இருந்தாலும் மேடையில் ஒரு மாலை விழ வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசையில்லை? புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார். மனைவியிடம், சும்மாதான் என்றார். சும்மா தைக்கிற கோட்டுக்கு எதற்கு இத்தனை தடவை அளவு என்று அவள் கேட்டாள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விருது ஹாக்கி வர்ணனை செய்யும் சின்னவருக்குப் போகிறது என்று பக்குவமாகச் சொன்னார். குழு பொதுமக்கள் கருத்தைத்தான் அளவுகோலாக வைத்ததாம். இடியார் எதிரணிக்குச் சாதகமாகப் பேசுகிறார் என்று இரண்டு அணி ரசிகர்களுமே புகார் எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் திட்டினா, நான் நடுநிலைன்னுதானே சார் அர்த்தம்?"

"ரெண்டு பக்கமும் சாய்ஞ்சிருக்கீங்கன்னு அர்த்தம். ஒரு பக்கம் சாயறதே தப்பு."

போதாக்குறைக்கு, தன் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்கும் இடியார்தான் பொறுப்பு என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தாள். சின்னவர் மேல் மட்டும் ஒரு புகார்கூட இல்லை.

"சார், அவர் வர்ணிச்சதே ஒரு மேட்ச்தான், அன்னிக்கு அவர் மைக்கே வேலை செய்யலை. ஒரு வார்த்தைகூட வெளிய போகலை."

"அதைத்தான் குழு 'அளந்து பேசும் பண்பு'ன்னு பாராட்டியிருக்கு."

விழா நடந்தது. சின்னவர் நல்ல மனுஷன். மைக் பழுது, நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன் என்று மேடையிலேயே உண்மையைச் சொன்னார். என்ன தன்னடக்கம் என்று சபை எழுந்து நின்று கைதட்டியது.

அதிலிருந்து பிடித்தது மோகம். மௌன வர்ணனைதான் நாகரிகம் என்று படித்தவர்கள் எழுதினார்கள். மற்ற வர்ணனையாளர்களும் வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். சலூனில் ரேடியோவைப் பெரிதாக வைத்து, ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லையே என்று சொன்னவனுக்குக் கேள்வி ஞானம் போதாது என்று பெயர் கிடைத்தது. இடியார் ஒருவர் மட்டும் பழையபடி முழங்கினார். அவர் குரல் வந்தால் சலூன்காரர் சத்தத்தைக் குறைத்தார். "ஊரே மாறிடுச்சு அண்ணே, நீங்க இன்னும் பேசிக்கிட்டே இருக்கீங்க" என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் துறை இடியாரின் வாயையும் ஓய்வெடுக்கச் சொன்னது. அந்த வாரம் வாத்தியார் தடியைத் தட்டிக்கொண்டு மறுபடி வந்தார்.

"ரேடியோ கெட்டுப்போச்சா, இல்ல என் காதும் போயிடுச்சா?"

இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி இடியார் அவரைத் தெருமுனைவரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, கழுத்தை அறுத்தாலும் இந்தக் கூத்துக்குத் துணைபோக மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தார். அவள் சரி என்று சொல்லிச் சோறு போட்டாள். அவரோடு குடும்பம் நடத்தியவள்.

துறை மௌன வர்ணனைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. முதல்வர் பதவி இடியாருக்கு. கார் உண்டு, வாசலில் பெயர்ப்பலகை உண்டு, வருஷா வருஷம் மாலையும் உண்டு. இரவு முழுக்க யோசித்தார். உள்ளே இருந்துதானே திருத்த முடியும் என்று காலையில் சொன்னார். மனைவி, கார் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டாள்.

தொடக்க நாளில் மௌனத்தின் மகிமை பற்றி அவர் ஆற்றிய உரை, சாப்பாட்டு நேரம் தாண்டியும் இடியாக இடித்தது. நேரடி ஒலிபரப்பு. ஒரு எழுத்து பிசகாமல் ஊர் முழுக்கக் கேட்டது. அதே நேரத்தில் மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி, முறைப்படி, மௌனமாக வர்ணிக்கப்பட்டது.

யார் ஜெயித்தது என்று ரேடியோவை நம்பியிருந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால் மானம் போகும். சாயங்காலம் இரண்டு அணிகளும் வெற்றி ஊர்வலம் போயின. தெருவின் இரு பக்கமும் நின்று ஜனங்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள். புகார் ஒன்றும் வரவில்லை.