ஐந்தாம் வண்ணம்

நம் வட்டாரப் பயணிகள் ரயில் நிறுவனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆவணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெட்டிக் கதவொன்றை நகத்தால் சுரண்டினால் போதும். மேலே ஊதா, அதன் கீழே ஆரஞ்சு, அதற்கும் கீழே நீலம், அடியில் பச்சை. நிறுவனம் கைமாறிய ஒவ்வொரு முறையும் புதிய சகாப்தம் பிறந்தது. எஞ்சின், இருக்கை, கழிப்பறைத் தாழ்ப்பாள் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் பூசியிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒப்பந்தத்தின் மாண்பை அறியாதவர்கள். வெளியேறும் நிறுவனத்தின் வண்ணம் அந்நிறுவனத்தின் சொத்து. அதை மறைக்கலாம்; சிதைக்கக் கூடாது. ஆகவே கதவுகள் ஆட்சிக்கு ஆட்சி பருத்துக்கொண்டே வந்தன.

ஊதா சகாப்தம் பிறந்த காலை, பணிமனையிலிருந்து ஈரம் உலராமலே வண்டி வந்து நின்றது. பயணிகள் ஏறினார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. போகிற வழியில் வண்ணம் உலர்ந்து, கதவும் சட்டமும் பிரிக்கவொண்ணா உறவு பூண்டன.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்க வேண்டிய தற்காலிக நர்ஸ்தான் அதை முதலில் கண்டுபிடித்தவர். ஜன்னல் கம்பி வழியே கத்தினார்.

"கார்டு சார், கதவு வரமாட்டேங்குது!"

பயணிகள் கண்ணில் படாத கார்டு பெட்டிக்கு எவரும் வண்ணம் பூசவில்லை. ஆகவே கார்டு சுகமாக இறங்கி வந்தார்.

"இழுக்காதீங்கம்மா, பெயிண்டு உரிஞ்சிடும்."

"உரியட்டும் சார்! பத்து மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"உரிஞ்சா என் வேலை போயிடும். யார் வேலை போகணும், நீங்களே சொல்லுங்க."

புதிய சகாப்தத்தைப் படம் பிடிக்க வந்திருந்த தோற்றப் பொலிவு அதிகாரி, ஊதா டையைச் சரிசெய்தபடி குறுக்கிட்டார்.

"வண்டி நேரத்துக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. நான் இறங்கலையே!"

"அப்ப தாமதம் உங்க பக்கம்."

வண்டி புறப்பட்டது. நர்ஸ் கொண்டை ஊசியை உருவிக் கதவின் இடுக்கைச் சுரண்டத் தொடங்கினார். "மாட்டை அடைச்ச மாதிரி அடைச்சு வெச்சிருக்கானுங்க!" என்று பெட்டியே கொதித்தது.

கடைசி நிலையத்துக்குக் காரில் வந்து சேர்ந்த அதிகாரி, கொதிப்பை ஆராய்ந்து, மக்களுக்கு ஊதா பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஒலிபெருக்கி முழங்கியது: "பயணிகளின் குரலுக்கு மதிப்பளித்து, அடுத்த வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயணிகளுக்கே வழங்குகிறோம்!" கதவு அங்கும் திறக்காததால், ஜன்னல் கம்பி வழியே இரண்டு அட்டைகள் உள்ளே வந்தன: ஒன்று மஞ்சள், மற்றது ரோஸ். திரும்பும் வழியிலேயே வாக்கெடுப்பு. கார்டு ஜன்னலோரமாகக் கை எண்ணுவார்.

வண்டி திரும்பியது. கொதிப்பும் திசை திரும்பியது.

"மஞ்சளா? வண்டிக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கும்."

"ரோஸ்ல அழுக்குத் தெரியும் அண்ணே."

"உங்க சட்டையிலயே தெரியுதே, அதுக்கென்ன?"

நர்ஸின் ஊசி ஊதாவைத் தாண்டி, ஆரஞ்சைத் தாண்டி, நீலத்தையும் தாண்டிப் பச்சையைத் தொட்டிருந்தது.

"நாலு பேர் சேர்ந்து ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும். வாங்களேன்!"

"இரும்மா," என்றார் வழுக்கைத் தலைப் பெரியவர். "ரோஸ்காரங்க ஜெயிச்சிடுவாங்க போலிருக்கு."

நர்ஸ் சட்டென்று திரும்பினார். "ரோஸா? எங்க வார்டு பூரா ரோஸ் திரைதான். பார்த்துப் பார்த்துக் கண்ணு புளிச்சுப்போச்சு. விடக் கூடாது!"

வண்டி ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றது. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்ற கார்டு தலைகளுக்கு நடுவே உயர்ந்த கைகளை எண்ணினார். கொண்டை ஊசியைப் பிடித்திருந்த கையும் அவற்றில் ஒன்று. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மஞ்சள் வென்றது. பெட்டி ஆரவாரித்தது. கார்டு கொடி அசைத்தார். வண்டி நேரம் தவறாமல் புறப்பட்டது.

கிளம்பிய குலுக்கலில், போதிய அளவு சுரண்டப்பட்டிருந்த கதவு தானாகவே திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி வாசல் வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"சாத்தும்மா, காத்தடிக்குது," என்றார் பெரியவர். "அதான் ஜெயிச்சுட்டோமே."