பெலாரோ தீவுக்கு விசா வேண்டாம்

“அம்மாவைப் பார்ப்பது சுற்றுலா ஆகாது, மேடம்.”

தொலைபேசியின் மறுமுனையிலிருந்து பெலாரோ தீவின் குடிவரவு அதிகாரி சீமோன் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னபோது, றோஸ்மேரியின் வாய்க்குள் பாதி ரோல்ஸ் இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“விளங்கவில்லை, ஐயா,” என்றாள் ஒருவழியாக.

“உங்கள் அலுவலகம் அனுப்பிய வருகைப் படிவம். பெயர் அன்புராசா. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ‘அம்மாவைப் பார்க்க’ என்று எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா எங்கள் தீவில் இல்லையே?”

“அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். இவர் ரொறன்ரோவிலிருந்து போவார்.”

“நாங்கள் விசாவை நீக்கியது சுற்றுலாப் பயணிகளுக்காக. நோக்கம் வேறு என்றால் விசா எடுக்க வேண்டும். இதை எனக்குக் கடிதமாக எழுதி விளக்குங்கள். அலுவலகத் தலைப்புத் தாளில்.”

பெலாரோ, இந்து சமுத்திரத்தில் பொட்டு மாதிரிக் கிடக்கும் ஒரு தீவு. நாலாயிரத்து இருநூறு சனம், ஒரு விமான ஓடுபாதை, மூன்று விருந்தினர் விடுதி. வேறொரு பெரிய நாட்டின் கொடிக்குக் கீழே இருந்தாலும், யாரை உள்ளே விடுவது என்பதைத் தானே தீர்மானிக்கும். வருகிறவர்கள் குறைந்து விடுதிகளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கவே, எந்த நாட்டவரும் விசா இல்லாமல் முப்பது நாள் வந்து தங்கலாம் என்று போன வருடம் அறிவித்தது. ஒரு வருடத்துக்கு மட்டும், பரீட்சார்த்தமாக. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் வைத்திருப்பவர்களும் வரலாம்.

அந்தத் தீவின் சுற்றுலா அலுவலகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், வாகனம் பழக்கும் பள்ளிக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது. ஒரு மேசை, ஒரு நீல வரைபடம், ஒரு றோஸ்மேரி. அவ்வளவுதான்.

கமரா தூக்கிய வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று தீவு எதிர்பார்த்தது. வந்தது ஸ்காபரோத் தமிழர்கள்.

ஏன் வந்தார்கள் என்பது றோஸ்மேரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னர் அகதியாகக் கப்பலில் வந்து இறங்கியவள் அவள். அவளுடைய பயணப் புத்தகத்தில், இலங்கையைத் தவிர எங்கும் போகலாம் என்று எழுதியிருந்தது. தாயில்லாத அவளை வளர்த்த அக்கா கிளடிஸ் யாழ்ப்பாணம் குருநகரில் இருந்தாள். கிளடிஸுக்குக் கனடா விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. தங்கை போகக்கூடியதும் அக்கா வரக்கூடியதுமான இடம் உலகப்படத்தில் ஒன்றுதான் அகப்பட்டது. இருவருக்கும் ஜூன் பன்னிரண்டாம் திகதிக்கு டிக்கெட் போட்டாயிற்று.

அதனால் தினமும் அலுவலகத்தைத் திறந்ததும், கோயிலுக்குள் நுழைகிறவள் போல அந்த நீல வரைபடத்தில் ஒரு கணம் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் கதிரையில் அமருவாள்.

அன்புராசா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்யும் மனிதர். மார்ச் விடுமுறைக்கு அம்மாவைப் பார்க்கப் போவதற்காக மூன்று சட்டை வாங்கி வைத்திருந்தார்.

“அண்ணை, உந்த ஃபோமிலை அம்மா எண்டு எழுதக் கூடாதாம்,” என்றாள் றோஸ்மேரி.

“அப்ப ஆரைப் பாக்கப் போறன் எண்டு எழுதிறது, தங்கச்சி?”

“கடலைப் பாக்க எண்டு எழுதுங்கோ.”

“நான் மூண்டு மாசம் கடலிலை வந்தனான். இன்னும் பாக்கக் கிடக்கோ?”

“எழுதுங்கோ அண்ணை, பிளீஸ்.”

அன்று பின்னேரமே ஒரு நல்ல வசனத்தை ஆங்கிலத்தில் எழுதி, விண்ணப்பித்த எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். இரண்டு கிழமை நிம்மதியாகப் போயிற்று.

பிறகு சீமோன் அழைத்தார்.

“மேடம், இந்த மாதம் அறுபத்து மூன்று படிவங்கள். அறுபத்து மூன்றிலும் ஒரே வசனம். ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.”

றோஸ்மேரி வாட்ஸ்அப்பை எடுத்துப் பார்த்தாள். பிழை அவளுடையது.

“அது மட்டுமில்லை. கடல் பார்க்க என்று வந்தவர்கள் ஒருவர்கூடக் கடலுக்குப் போகவில்லை. விடுதி வாசலில் காலை எட்டு மணிக்கு உட்காருகிறார்கள். பேசுகிறார்கள். அழுகிறார்கள். சாப்பிடுகிறார்கள். பிறகும் பேசுகிறார்கள். கடல் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, மேடம்.”

“இனிமேல் போவார்கள், ஐயா.”

“அதைக் கடிதமாக எழுதுங்கள்.”

கடிதம் போயிற்று. அதோடு றோஸ்மேரி தீவின் கையேட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். அன்புராசாவுக்கு வெளிச்சவீடு. முல்லைத்தீவிலிருந்தும் மொன்றியாலிலிருந்தும் வந்து சந்திக்கவிருந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆமைகள் முட்டையிடும் கடற்கரை. மாதா சபைப் பெண்கள் பதினொரு பேருக்கு மிச்சமிருந்தது சாராயத் தொழிற்சாலை மட்டும்தான்.

“கட்டாயம் போகவேணும். போகாட்டி விசாச் சலுகையை நிப்பாட்டிப் போடுவாங்கள்,” என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாள்.

நம்முடைய சனம் சொன்னால் செய்யும். மார்ச் முடிவதற்குள் சீமோனின் குரல் மறுபடி வந்தது.

“மேடம், ஆமைக் கடற்கரையில் நாற்பத்தொரு பேர்! பாய் விரித்து, மீன்குழம்பு பரிமாறி, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். முட்டையிட வந்த ஆமைகள் இவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.”

“ஐயோ.”

“சாராயத் தொழிற்சாலை வாசலில் பதினொரு பெண்கள் இருந்து செபமாலை சொல்லியிருக்கிறார்கள். வேலையாட்கள் பயந்து உள்ளே போகவில்லை. இன்னொன்று. தீவில் தேங்காய் முடிந்துவிட்டது.”

“தேங்காயா?”

“உங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய் துருவுவார்கள், மேடம்? எங்கள் தீவில் நாங்கள் அதைக் குடிப்பதோடு சரி.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று றோஸ்மேரி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கடைசியில், ஆமை தமிழருக்குப் புனிதமான உயிர், அதன் முன்னிலையில் குடும்பமாக உணவருந்துவது தொன்றுதொட்ட வழக்கம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் அதிகமாகவே அழகாக வந்துவிட்டது.

சீமோனின் பதில் மறுநாளே வந்தது. “புனிதம் என்றால் இது மதப் பயணம். மதப் பயணம் சுற்றுலா ஆகாது. நிலைமை கைமீறிவிட்டது. உண்மையை அறிய மே பத்தொன்பதாம் திகதி நானே ரொறன்ரோவுக்கு வருகிறேன். சலுகை தொடருமா இல்லையா என்பது என்னுடைய அறிக்கையில் தங்கியிருக்கிறது.”

அன்று கிளடிஸ் வீடியோவில் அழைத்தாள். “றோசி, பெட்டி கட்டிப்போட்டன். உனக்கு ஒடியல் மாவும் பாரைக் கருவாடும். உந்தத் தீவை நினைச்சுக் கோயிலிலை ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினனான். எங்களைத் தெரியாத சனம், வா எண்டு சொல்லுது பார்.”

“ஓம் அக்கா,” என்றாள் றோஸ்மேரி. தன்னுடைய கெட்டித்தனத்தால் ஸ்காபரோக்காரரின் அம்மாக்களில் பாதிப்பேரும் தன் அக்காவும் வரமுடியாமல் போகப்போகிறது என்பதை மறைத்துச் சிரித்தாள்.

மே பத்தொன்பதுக்கு முந்தின நாள், தீவுக்குப் போய் வந்தவர்களில் நல்லாய்க் கதைக்கக்கூடிய நாலு பேரைத் தெரிந்தெடுத்தாள். “பாத்ததை மட்டும் சொல்லுங்கோ. அழக் கூடாது. அம்மா, அப்பா, அக்கா எண்ட சொல்லே வரக் கூடாது,” என்று பாடம் நடத்தினாள்.

அன்புராசா தலையை ஆட்டினார். “தங்கச்சி, அந்த மனிசன் வாறாராமே. நாங்கள் சும்மா வெறுங்கையோடை நிக்கிறதே? பெரிய உபகாரம் செய்த ஆக்கள்.”

“ஒண்டும் வேண்டாம் அண்ணை.”

அவளுடைய பேச்சை அவர் மீறியது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மாடிப்படி முழுக்கச் சனம். நாற்பது பேராவது இருக்கும். பொன்னாடை, மாலை, வடைச் சட்டி, இரண்டு சாக்குத் தேங்காய். பல் வைத்தியரின் அறையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வெளியே வர, அன்புராசா பாய்ந்து போய்ப் பொன்னாடையைப் போர்த்தினார். மாலையும் விழுந்தது. வாய் விறைத்து, பஞ்சு கடித்தபடி நின்ற அந்த மனிதரால் மறுக்க முடியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் மெல்லத் தட்டினார்.

உண்மையான சீமோன் இதையெல்லாம் படியின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஆள். மே மாதத்தில் முழங்கால்வரை நீண்ட குளிர்கோட்டு.

பொன்னாடை பல் நோயாளியிடமிருந்து மீட்கப்பட்டு உரியவருக்குப் போர்த்தப்பட்டது. விசாரணை தொடங்கியது. றோஸ்மேரி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

“நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று நால்வரில் முதலாவதாக நின்ற பெண்ணிடம் சீமோன் கேட்டார்.

“ஆமை. நல்ல ஆமை,” என்றாள் அவள்.

“எத்தனை?”

அவள் றோஸ்மேரியின் முகத்தைப் பார்த்தாள். “ஒரு குடும்பமாத்தான் வந்தவை.”

சீமோன் குறித்துக்கொண்டார். அடுத்து அன்புராசா. மூன்று புதுச் சட்டைகளில் ஒன்றைப் போட்டிருந்தார்.

“வெளிச்சவீடு பாத்தனான்,” என்றார் கேட்பதற்கு முதலே.

“அப்படியா? எத்தனை படி?”

“நூற்றிப் பதினெட்டு.”

சீமோன் பேனாவை நிறுத்தினார். “சரியாகச் சொல்கிறீர்களே?”

“எண்ணிக்கொண்டுதான் ஏறினனான். ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறேக்கை எத்தினை மிச்சம் எண்டு பாக்கத்தானே வேணும். எங்கடை தங்கச்சி கட்டாயம் போகச் சொன்னவ. கூட வந்த ஆளுக்கு முழங்கால் ஏலாது, நான் முதுகிலை ஏத்திக்கொண்டு போனனான்.”

“உச்சியில் என்ன பார்த்தீர்கள்?”

அன்புராசா நிலத்தைப் பார்த்தார். பாடமாக்கிய ‘கடல்’ என்ற சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார்.

“அம்மாவை,” என்றார்.

சீமோன் மொழிபெயர்ப்புக்காக றோஸ்மேரியைப் பார்த்தார். ‘கடல்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜூன் பன்னிரண்டு அந்த ஒரு சொல்லில் இருந்தது.

“தன்னுடைய அம்மாவைப் பார்த்தாராம், ஐயா,” என்றாள் றோஸ்மேரி. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. “இவர்களில் ஒருவரும் சுற்றுலாப் பயணி இல்லை. கடல் பார்க்க என்று எழுதச் சொன்னது நான். ஆமைக் கதை நான் கட்டியது. எங்களுடைய ஆட்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விதமான பயணப் புத்தகம். எல்லாரும் ஒன்றாக உட்காருவதற்கு உங்களுடைய தீவைத் தவிர வேறு இடம் இல்லை. எனக்கே அக்கா வர இருக்கிறார். பிழை என்னுடையது. என்னை வேலையிலிருந்து நிறுத்துங்கள். வாசலை மட்டும் மூடாதீர்கள்.”

சீமோன் எழுந்து மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சனம் வெளியே நிற்க, அவரும் றோஸ்மேரியும் அன்புராசாவும் மட்டும் உள்ளே. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

அது அறிக்கை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட அறிக்கை. மழைமாதங்களிலும் விடுதிகள் நிறைந்திருக்கின்றன. ஒரு வாடகைக் கார் வைத்திருந்தவர் இப்போது மூன்று வான் வைத்திருக்கிறார். வேலை தேடி வெளியே போனவர்களில் ஒன்பது பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். தேங்காய் புதிதாக நடப்பட்டிருக்கிறது. ஆகவே விசாச் சலுகை தொடரவேண்டும் என்று இருந்தது.

றோஸ்மேரி இரண்டு தரம் வாசித்தாள். பிறகுதான் திகதி கண்ணில் பட்டது. அது ஏப்ரல் மாதம், அவர் விமானம் ஏறுவதற்கு மூன்று கிழமை முன்னர், பெலாரோவில் எழுதப்பட்டிருந்தது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நன்றி, ஐயா. மிக்க நன்றி. ஆனால் எல்லாம் முதலே முடிவாகியிருந்தால் ஏன் இவ்வளவு முறைப்பாடு? ஏன் இத்தனை கடிதம்? இரண்டு நாள் பறந்து வந்து ஏன் இந்த விசாரணை?”

சீமோன் பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“நான் மூன்று முறை கேட்டும் கனடா எனக்கு விசா தரவில்லை, மேடம், வருகையின் நோக்கம் ‘அரச விசாரணை’ என்று எழுதி உங்கள் கடிதங்களையும் இணைத்த பிறகுதான் தந்தார்கள், ஒஷாவாவில் இருக்கும் என் மகளிடம் போக எந்த பஸ் ஏறவேண்டும்?”